வீடு மாறியது, விலாசம் மாறவில்லை

மத்திய அரசின் சுமார் 12 லட்சம் இ-மெயில் கணக்குகள் புது சர்வர்களுக்குக் குடிபெயர்ந்துள்ளன. முகவரியில் ஓர் எழுத்துகூட மாறாமல் இதை எப்படிச் செய்கிறார்கள்? எங்கே சறுக்கும்?

2025 அக்டோபர் 8 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா சமூக வலைதளத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தான் ஜோஹோ மெயிலுக்கு மாறிவிட்டதாகவும், இனி கடிதங்களைப் புதிய முகவரிக்கு அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் அது நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது. சுதேசி ஆதரவாளர்கள் மகிழ்ந்தார்கள், எதிர் முகாமில் கிண்டல்கள் பறந்தன.

அமைச்சர் மாற்றியது ஒரே ஒரு முகவரி. அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் நிஜமான பெரிய செய்தி வெளியானது. பிரதமர் அலுவலகம் உள்பட மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் இ-மெயில் கணக்குகள், அரசின் தேசிய தகவலியல் மையம் (என்.ஐ.சி.) நடத்திவந்த ஏற்பாட்டிலிருந்து அதே ஜோஹோவின் மேடைக்கு ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. இதற்கு அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை. காரணம், அந்த 12 லட்சம் பேரின் முகவரி அப்படியே இருந்தது. ‘நிக்.இன்’ என்றோ ‘கவ்.இன்’ என்றோ முடியும் அதே பழைய முகவரி. பின்னால் இருக்கும் வீடு மட்டும்தான் வேறு.

சாதாரண ஆள் வாடகை வீடு மாறினாலே தபால்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும், கேஸ் ஏஜென்சிக்கு அலைய வேண்டும். லட்சக்கணக்கான அலுவலகக் கடிதப் பெட்டிகளை, கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும்போது, ஒன்றுகூடத் தவறாமல் வேறிடத்துக்குத் தூக்கிச் செல்வது எத்தகைய வேலை என்பதை யோசித்துப் பார்க்கலாம். சர்வர் பராமரிப்பு என்ற தொழிலே இப்படித்தான். ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால், எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தியாவில் இ-மெயில் தொடங்கிய காலத்தில் முகவரியே கம்ப்யூட்டரைக் காட்டிக்கொடுத்துவிடும். எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னல் 1986-ல் தொடங்கியது. 1987-ல் பம்பாயில் தேசிய சாஃப்ட்வேர் தொழில்நுட்ப மையத்துக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே சாதாரண டெலிபோன் லைனில் கடிதங்கள் போய் வந்தன. ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றுக்கு டயல் செய்து, சேர்த்து வைத்த கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனைத் துண்டித்துவிடும். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. அப்போது சென்னைக்காரர்கள் விசிட்டிங் கார்டில் பெருமையாக அச்சடித்துக்கொண்ட முகவரியில் @ குறிக்குப் பின்னால் ‘கியாஸ்எம்டி01’ என்று இருந்தது நினைவிருக்கலாம். ‘கியாஸ்’ என்பது அந்தச் சேவையின் சுருக்கம். ‘எம்டி’ மெட்ராஸ். ‘01’ அந்த ஊரில் நிறுத்தியிருந்த முதல் கம்ப்யூட்டர். தில்லிக்கு ‘டிஎல்’, பம்பாய்க்கு ‘பிஎம்’, கல்கத்தாவுக்கு ‘சிஎல்’. வீட்டு முகவரியில் தெருப் பெயருக்குப் பதில் கட்டில் எண்ணைப் போட்டதுபோல. கம்ப்யூட்டரின் பெயர் முகவரியிலேயே இருந்தால், கம்ப்யூட்டரை மாற்றும்போது என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு விடை அப்போதே தயாராகத்தான் இருந்தது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொதுப் பதிவேடு உண்டு. அதில் எம்.எக்ஸ். என்ற ஒரு வரி, ‘இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன கம்ப்யூட்டரில் கொண்டுபோய்க் கொடு’ என்று சொல்லும். சேலத்திலிருந்து ஒருவர் தில்லி அமைச்சகத்துக்குக் கடிதம் அனுப்பினால், அவருடைய சர்வர் முதலில் இந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தை எடுத்துச் செல்லும். ஆகவே புது இடத்துக்கு மாற வேண்டுமானால் மாற்ற வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். கேட்க எளிமையாக இருக்கிறது. கஷ்டமெல்லாம் அந்த வரிக்கு முன்னும் பின்னும்.

முதல் சிக்கல், உலகம் உடனே கேட்காது. ஒவ்வொரு சர்வரும் இந்த வரியைப் பார்த்த பிறகு சில மணி நேரமோ ஒரு நாளோ நினைவில் வைத்திருக்கும்; ஒவ்வொரு கடிதத்துக்கும் மறுபடி போய்க் கேட்டுக்கொண்டிருக்காது. அதனால் மாற்றத்துக்குச் சில நாட்கள் முன்பே அந்த ஞாபக காலத்தை ஐந்து நிமிடம் என்பதுபோலக் குறைத்து வைப்பார்கள். அப்படியும் சில பிடிவாதக்கார சர்வர்கள் பழைய இடத்துக்கே கடிதங்களைக் கொண்டுபோகும். எனவே பழைய சர்வரை உடனே அணைக்க முடியாது. காலி செய்த வீட்டில் ஓர் ஆளை உட்கார வைத்து, வரும் தபாலை வாங்கிப் புது வீட்டுக்கு அனுப்பச் சொல்வது போன்ற ஏற்பாடு தேவை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல நண்பன் உண்டு. 1982-ல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதிவைத்த எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறையும், அதன் பிற்காலத் திருத்தங்களும்தான் அது. வாங்க வேண்டிய சர்வர் கதவைத் திறக்காவிட்டால், அனுப்பும் சர்வர் கடிதத்தைத் தூக்கி எறியக் கூடாது. வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயல வேண்டும், நான்கைந்து நாட்கள் வரை. நள்ளிரவில் இரண்டு மணி நேரம் சர்வரை நிறுத்தி வட்டுகளை மாற்றினாலும் ஒரு கடிதமும் தொலையாமல் இருப்பது இந்தப் பொறுமையால்தான். வெப்சைட் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இ-மெயில் வாசலில் நிற்கும்.

ஆனால் ஏற்கெனவே வந்து சேர்ந்த கடிதங்கள்? அவற்றைச் சுமந்துதான் ஆக வேண்டும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். ஒரு கணக்கில் சராசரியாக 5 ஜி.பி. என்று வைத்தால் 12 லட்சத்துக்கு 60 லட்சம் ஜி.பி. நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒரு நிமிடமும் ஓயாமல் முழு வேகத்தில் ஓடினாலும் 55 நாட்களுக்கு மேலாகும். நிஜத்தில் முழு வேகம் கிடைக்காது. இ-மெயில் என்பது ஒரே பெரிய மூட்டை அல்ல. கோடிக்கணக்கான சிறு சிறு காகிதங்கள். எது படித்தது, எது படிக்காதது, எந்த ஃபோல்டரில் இருந்தது, எதற்குப் பதில் போயிற்று என்ற அடையாளங்கள் எல்லாம் கூடவே போக வேண்டும். ஆகவே முதலில் பழைய கடிதங்களை வாரக்கணக்கில் மெதுவாக நகலெடுப்பார்கள். பிறகு இடைப்பட்ட நாட்களில் வந்தவற்றை மட்டும் எடுப்பார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, எஞ்சிய சில மணி நேரக் கடிதங்களை எடுத்துக்கொண்டு எம்.எக்ஸ். வரியை மாற்றுவார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகங்கள் திறக்கும்போதுதான் விடை தெரியும்.

நகலெடுக்கவே முடியாத பொருள் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு. ஒழுங்கான சர்வர் எதுவும் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்திருக்காது. திரும்ப அவிழ்க்க முடியாதபடி குழப்பிய ஒரு வடிவத்தில்தான் வைத்திருக்கும். புது இடத்தின் முறை வேறாக இருந்தால் அந்தக் குழப்பம் அங்கே செல்லாது. எல்லாரையும் புது பாஸ்வேர்டு போடச் சொல்ல வேண்டிவரும். அரசு அலுவலகத்தில் இது எப்படி முடியும் என்பது அங்கே பழகியவர்களுக்குத் தெரியும். அதிகாரியின் பாஸ்வேர்டு உதவியாளரின் நோட்டில் இருக்கும்; உதவியாளர் லீவில் இருப்பார்.

இவ்வளவும் கைகூடிய பிறகும் ஒரு தொல்லை காத்திருக்கும். புது சர்வரை உலகம் நம்பாது. குப்பைக் கடிதங்களைத் தடுக்கும் சேவைகள் ஒவ்வொரு சர்வர் எண்ணுக்கும் மனதுக்குள் ஒரு நடத்தைச் சான்றிதழ் வைத்திருக்கின்றன. நேற்றுவரை ஒரு கடிதமும் அனுப்பாத எண்ணிலிருந்து இன்று திடீரென்று லட்சம் கடிதங்கள் கிளம்பினால் சந்தேகம் வரும். அதனால் புது எண்ணிலிருந்து முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று பழக்க வேண்டும். கடிதத்தின் மேல் டிஜிட்டல் முத்திரை குத்தும் ஏற்பாட்டையும், எந்தெந்த சர்வர்கள் இந்தப் பெயரில் அனுப்ப உரிமை பெற்றவை என்ற பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பாஸ்போர்ட் அலுவலகம் அனுப்பிய கடிதம் குடிமகனின் ஸ்பாம் பெட்டிக்குள் போய் உறங்கும். அவருக்குத் தெரியாது. அலுவலகத்துக்கும் தெரியாது.

அரசாங்கம் இந்த வேலையைத் தன் கையிலேயே வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. 1976-ல் தொடங்கிய என்.ஐ.சி., அமைச்சகங்களுக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும் இ-மெயில் கொடுத்துவந்தது. ஆனால் அதிகாரிகள் பலர் ஜிமெயிலையும் யாஹூவையும்தான் விரும்பினார்கள். வேகம், தாராள இடம், போனில் எளிதாகத் திறப்பது என்று காரணங்கள் நியாயமானவையே. 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அரசு ஆவணங்களை முன் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. அமெரிக்க சர்வரில் கிடக்கும் அரசுக் கடிதம் எந்தக் கணக்கில் சேரும்? கே.என். கோவிந்தாச்சார்யா தில்லி உயர் நீதிமன்றத்தில் இதையே கேட்டு வழக்குத் தொடுத்தார். 2013-ல் எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்டதும் தில்லிக்கு அவசரம் புரிந்தது. 2014-ல் மத்திய அரசு இ-மெயில் கொள்கை வந்தது. அலுவல் கடிதங்களுக்கு என்.ஐ.சி.யின் சேவையே என்றது. பதவியின் பெயரில் ஒன்று, ஆளின் பெயரில் ஒன்று என இரண்டு முகவரிகளையும் அது பரிந்துரைத்தது. ஆள் மாற்றலாகிப் போனாலும் பதவிக்கு வந்த கடிதங்கள் நாற்காலியோடு இருக்க வேண்டும் என்பது எண்ணம். உருப்படியான எண்ணம்.

பிறகு 2023-ல் டெண்டர் வழியே ஏழு ஆண்டுகளுக்கு ஜோஹோ தேர்வானது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறை வரை அலுவலகம் வைத்திருக்கும் ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம். இ-மெயில் சேவையை அது 2008 முதல் நடத்துகிறது. இந்திய நிறுவனம், கடிதங்கள் இந்தியாவிலேயே இருக்கும் என்பதால் கோவிந்தாச்சார்யாவின் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அரசின் கடிதப் பெட்டிச் சாவி தனியாரிடம் இருக்கலாமா என்ற இன்னொரு கேள்வி பிறந்துவிட்டது.

இதில் உணர்ச்சிவசப்படாமல் பார்த்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் போலவே முக்கியமானது, அவர் பூட்டுக்கு எண்ணெய் போடுகிறாரா என்பது. இதற்கு வெளிநாட்டுக் கதைகள் போதுமான அளவுக்கு உண்டு.

மிகச் சிரிப்பான கதை ஹாட்மெயிலுடையது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய சேவை அது. 1997 இறுதியில் சுமார் 40 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஹாட்மெயிலின் சர்வர்கள் ஓடியதோ போட்டிக் கூடாரமான யுனிக்ஸ் வகை சாஃப்ட்வேரில். அதை விண்டோஸுக்கு மாற்றும் வேலையில் முகப்பு சர்வர்களைத் தொடவே 2000-ம் ஆண்டு ஆகிவிட்டது. ஓடுகிற கடிதச் சேவையின் அடித்தளத்தை உருவுவது உலகின் மிகப் பெரிய சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கே அவ்வளவு கடினமாக இருந்தது. அதற்கு நடுவே 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலைத் திறக்க முடியாமல் பலர் திண்டாடினார்கள். சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. உள்ளே நுழைய உதவிய பாஸ்போர்ட்.காம் என்ற பெயருக்கு 35 டாலர் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்ட மறந்திருந்தார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு வாடிக்கையாளரே தன் கிரெடிட் கார்டில் அந்த 35 டாலரைக் கட்டினார்.

சிரிக்க முடியாத கதை 2022 டிசம்பரில் நடந்தது. அமெரிக்காவின் டெக்ஸாஸிலுள்ள ராக்ஸ்பேஸ் என்ற நிறுவனம், சிறு கம்பெனிகளுக்காக மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் இ-மெயில் நடத்திவந்தது. அந்த சாஃப்ட்வேரின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம் நவம்பரிலேயே வந்துவிட்டது. திருத்தத்தைப் போட்டால் உள்ளே நுழைவதில் சிக்கல் வருவதாகச் சிலர் புகார் சொன்னதால், நிறுவனம் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்து, தற்காலிகத் தடுப்பை மட்டும் வைத்தது. டிசம்பர் 2 அன்று பணம் பறிக்கும் கும்பல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டியது. ஏறத்தாழ 30,000 வாடிக்கையாளர்களின் கடிதப் போக்குவரத்து நின்றது. அந்தச் சேவையை ராக்ஸ்பேஸ் மறுபடி திறக்கவே இல்லை. வாடிக்கையாளர்களை மைக்ரோசாஃப்டின் சொந்தச் சேவைக்கு மாற்றிவிட்டு மூடிவிட்டது.

அப்படியானால் திருத்தம் வந்த உடனே போட்டுவிட வேண்டியதுதானே? அதற்கும் எதிர்க்கதை இருக்கிறது. 2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. ஜிமெயில் திறந்தவர்களில் சிலருக்குப் பெட்டி துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. பாதிக்கப்பட்டது மொத்தத்தில் 0.02 சதவிகிதம்தான் என்று கூகுள் சொன்னது. காரணம் கொள்ளையர்கள் அல்ல. கூகுளே சேமிப்பு சாஃப்ட்வேரில் செய்த புதுப்பிப்பு. ஒவ்வொரு கடிதத்துக்கும் பல ஊர்களில் பல நகல்கள் இருந்தன. ஆனால் எல்லா நகல்களையும் ஆள்வது ஒரே சாஃப்ட்வேர் அல்லவா? அதிலிருந்த பிழை பல நகல்களையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது. காப்பாற்றியது, இணைப்பிலேயே இல்லாமல் தனியே வைத்திருந்த காந்த டேப்கள். பழங்காலச் சமாசாரம் என்று பலர் கைவிட்ட டேப்.

டேப் இல்லாதவர்களின் கதி 2019 பிப்ரவரியில் தெரிந்தது. விஎஃப்இமெயில் என்ற சிறிய அமெரிக்க இ-மெயில் நிறுவனத்தின் சர்வர்களுக்குள் ஒருவன் நுழைந்து, பணம்கூடக் கேட்காமல், வட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தான். பேக்கப் சர்வர்களும் அதே வலையில் இருந்ததால் அவையும் போயின. அமெரிக்காவிலிருந்த வாடிக்கையாளர்களின் ஏறக்குறைய 20 ஆண்டுக் கடிதங்கள் காற்றில் கரைந்தன.

உள்ளூரிலும் பாடம் கிடைக்காமல் இல்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டபோது நோயாளிகளின் பதிவுகள் முடங்கி, சீட்டும் பேனாவுமாக வேலை நடந்தது. வலைப்பின்னலைச் சரியாகப் பகுத்துத் தடுப்பு வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் விவரங்களை மீட்க முடிந்தது. அது இ-மெயில் சர்வர் அல்ல என்றாலும் பாதிப்பின் கணக்கு ஒன்றுதான். ஓர் அமைச்சகத்தின் இ-மெயிலில் டெண்டர் கேள்விகள், வழக்கு விவரங்கள், மாற்றல் உத்தரவுகள், தகவல் உரிமை மனுக்கான பதில்கள் எல்லாம் இருக்கின்றன. காகிதக் கோப்பு குறைந்துகொண்டே வரும்போது, பல முடிவுகளை யார் எப்போது எடுத்தார் என்பதற்கு இதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் சுதேசியா விதேசியா என்பதோடு முடிவதில்லை. பேக்கப் நகல் அதே வலையில் இருக்கிறதா, வெளியே தனியாக இருக்கிறதா? அதிலிருந்து ஓர் அமைச்சகத்தின் பெட்டிகளை நிஜமாகவே மீட்டுப் பார்த்தார்களா, எப்போது? மீட்டுப் பார்க்காத பேக்கப்புக்கு மதிப்பு கிடையாது. அவசரத் திருத்தம் வந்தால் எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதா? யார் எந்தப் பெட்டியைத் திறந்தார் என்ற பதிவேடு யாரிடம் இருக்கும்? சேவை நடத்துபவரிடமே அதுவும் இருந்தால், காவலாளியின் வருகைப் பதிவை காவலாளியே எழுதுவதுபோல் ஆகும். இவை எரிச்சலூட்டும் கேள்விகள்தான். ஆனால் நல்ல சர்வர் இன்ஜினியர்கள் தங்களையே தினம் கேட்டுக்கொள்பவை.

வட்டுகள் தேயும், பேட்டரிகள் வீங்கும், சான்றிதழ்கள் காலாவதியாகும், பெட்டிகள் நிரம்பும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களையே மாற்ற வேண்டிவரும். பழைய வட்டுகளைக் காந்தத்தால் அழித்தோ துளையிட்டோ நொறுக்கியோதான் வெளியே அனுப்ப முடியும். இதெல்லாம் இனி என்.ஐ.சி. ஆட்களின் அன்றாட வேலை இல்லை. கையில் வேலை இல்லாவிட்டால் கைப்பழக்கமும் போகும். 2023-ல் ஏழு ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தம் 2030 வாக்கில் முடியும். அப்போது அரசு அதே இடத்தில் தொடரலாம், வேறொருவரிடம் போகலாம், அல்லது தானே மறுபடி நடத்தலாம். போவதானால் அதற்குள் சில மடங்கு பெருத்திருக்கும் பெட்டிகளை நகலெடுத்து, ஒரு சனிக்கிழமை இரவில் யாரோ ஒருவர் மறுபடியும் அந்த எம்.எக்ஸ். வரியை மாற்ற வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் அன்றைக்கு அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இப்போதே யாராவது எண்ணி வைப்பது நல்லது.